மாருதி இன்ஜினைப் பிரிக்கிற பையனுக்கு ஏரோநாட்டிக்கல் எதற்கு?

அம்மா, மகன் ப்ளஸ் டூ புத்தகத்தைத் தொடாமல் அப்பாவின் பட்டறையில் பழைய மாருதி 800 இன்ஜினைப் பிரித்துப்போட்டு, "இதை விமானத்தில் மாட்டுவேன்" என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், கிறுக்கு இல்லை. 1929-லேயே அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல், ஃபோர்டு மாடல் ஏ கார் இன்ஜினை வைத்து, தானே கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டார். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் இன்ஜினுக்கும் இப்படித் தானே விமானம் கட்டுகிறவர்களிடம் நல்ல மவுசு. காற்றிலேயே குளிர்வதால் ரேடியேட்டர் சுமை மிச்சம்.

என்னை நிமிர வைத்தது, கடிதத்தின் கடைசியில் பையன் எழுதியிருந்த கேள்வி. கார் இன்ஜின் நிமிடத்துக்கு ஐந்தாயிரம் சுற்றை ஒட்டித்தான் முழு பவர் தருகிறது. ப்ரொப்பல்லரை அந்த வேகத்தில் சுற்றினால் நுனி ஒலி வேகத்தை நெருங்கிவிடும். நடுவில் வேகத்தைக் குறைக்கும் கியர் வைத்தால், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முறுக்கதிர்வை என்ன செய்வது? கார் இன்ஜினை மாற்றுகிறவர்கள் பலரும் மாட்டிக்கொள்ளும் இடமே அதுதான்.

இந்தப் பையனைத்தான் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.இ. ஏரோநாட்டிக்கல் சேர்க்கச் சொல்கிறார் தாய்மாமா. வேண்டாம். அது வடிவமைப்புக் கணக்கில் ஊறுகிறவர்களுக்கான படிப்பு. இவனுக்குக் கையில் ஸ்பானர் இருக்க வேண்டும். மற்ற பொறியியல் பிரிவுகளைப் பற்றி ஊரே சொல்லும், நான் விடுகிறேன்.

யாரும் சொல்லாதது ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம். கொடுப்பது கல்லூரி இல்லை, மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ. ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். ஆகவே புத்தகத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்று அவனிடம் சொல்லுங்கள். உரிமத்தில் பிரிவுகள் உண்டு. பி1.1, ஜெட் போன்ற டர்பைன் இன்ஜின் விமானத்துக்கு. ஏர்லைன் வேலை பெரும்பாலும் அங்கேதான். பி1.2, காரில் இருப்பது போன்ற பிஸ்டன் இன்ஜின் விமானத்துக்கு. இவன் மனசு இருப்பது இதில். பிஸ்டன் இன்ஜினுக்கும் ப்ரொப்பல்லருக்கும் தனித்தனித் தேர்வு உண்டு, ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் பாஸ்.

வேலை? விமானி பயிற்சிப் பள்ளிகளில் பிஸ்டன் விமானங்கள்தானே பறக்கின்றன. அங்கே டைமண்ட் டிஏ42 என்ஜி விமானத்தின் இன்ஜின் மூடியைத் திறந்தால் இவன் துள்ளிக் குதிப்பான். உள்ளே இருப்பது மெர்சிடஸ் கார் டீசல் இன்ஜினிலிருந்து உருவான ஆஸ்ட்ரோ ஏஇ300 என்ற இன்ஜின். இன்ஜின் நிமிடத்துக்கு 3,880 சுற்று ஓடும்போது கியர்பாக்ஸ் வழியாக ப்ரொப்பல்லர் 2,300 மட்டுமே சுற்றும். அவன் கேள்விக்குச் சான்றிதழோடு பறக்கிற பதில்.

ஆனால் படிப்பு முடிந்ததும் உரிமம் கைக்கு வராது; தேர்வுகளோடு பணி அனுபவமும் காட்ட வேண்டும். அதுவரை சம்பளம் சொற்பம்தான். கட்டணமும் லட்சங்களில். டிஜிசிஏ தளத்தில், சேரப்போகும் ஏஎம்இ பயிற்சிப் பள்ளிக்கு அனுமதி இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். நூறு சதவீத வேலை என்று விளம்பரம் செய்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். எதற்காகவும் நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம். மாமா வற்புறுத்தினால், கல்விக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள்.

பட்டறை வேலை ஞாயிற்றுக்கிழமை தொடரட்டும். ஆனால் இன்ஜினில் ப்ரொப்பல்லரை மாட்டி ஓட்டிப் பார்க்கக் கூடாது. அதில் மட்டும் அப்பா கறாராக இருக்கட்டும்.