ரோமானியப் படை களத்தில் நின்றதும் வழியில் நடந்ததும்: கேள்வி பதில்

கேள்வி: செஞ்சுரி என்றால் நூறு பேர்தானே சார்? அப்படியானால் ஒரு லீஜியனில் எத்தனை பேர்?

பதில்: பேரரசுக் காலத்துச் செஞ்சுரியில் 80 பேர்தான். கணக்கைக் கீழிருந்து போட்டால் எளிது. ஒரே தோல் கூடாரத்தில் படுத்து, சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் 8 பேர் ஒரு குழு. 10 குழு ஒரு செஞ்சுரி, 6 செஞ்சுரி ஒரு கோஹார்ட், 10 கோஹார்ட் ஒரு லீஜியன். கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதல் கோஹார்ட்டை மட்டும் 800 பேராகப் பெருக்கினார்கள். ஆக ஏட்டில் 5,120 காலாட்கள், கூடவே 120 குதிரை வீரர்கள். களத்துக்கு வந்து நிற்பவர்கள் இதைவிடக் குறைவு. கி.மு. 48-இல் பார்சாலஸ் போரில் சீசரின் 80 கோஹார்ட்டுகளில் மொத்தமே 22,000 பேர். கோஹார்ட்டுக்கு 275 தான் தேறும்.

கேள்வி: பையனின் பள்ளிக் கண்காட்சிக்கு 80 பொம்மை வீரர்கள் வாங்கியிருக்கிறேன், 1/72 அளவு. சண்டைக்கு நிற்கும் செஞ்சுரியாக எப்படி அடுக்குவது?

பதில்: அகலத்தில் 10, ஆழத்தில் 8 என்று வையுங்கள். பக்கவாட்டில் ஆளுக்கு 3 ரோமானிய அடி, அதாவது 90 செ.மீ. முன்னுக்கும் பின்னுக்கும் அதைப்போல் இரண்டு மடங்கு, 6 அடி. பைலம் என்ற எறியீட்டி ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம். எறியக் கையைப் பின்னால் இழுக்கும்போது, நெருக்கி நின்றால் அதன் அடிமுனை பின்னால் நிற்பவன் முகத்தில் போய் இடிக்கும். அதனால்தான் அந்த இடைவெளி. நிஜத்தில் 9 மீட்டர் அகலம், 13 மீட்டர் ஆழம் வரும். உங்கள் பலகையில் 12.5 செ.மீ.க்கு 18 செ.மீ. செஞ்சுரியின் தலைவரான செஞ்சுரியனை முன்வரிசையின் வலது ஓரத்தில் நிறுத்துங்கள். துணைத்தலைவரான ஆப்டியோ கடைசி வரிசைக்கும் பின்னால் நிற்பார். யாரும் நழுவாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஆழம் எப்போதும் 8 என்று சட்டமில்லை. பார்சாலஸில் சீசரை எதிர்த்த பாம்பியின் வீரர்கள் 10 பேர் ஆழத்தில் நின்றார்கள்.

கேள்வி: சினிமாவில் கேடயத்தோடு கேடயம் ஒட்டித்தானே சண்டை போடுகிறார்கள்?

பதில்: ஒட்டி நின்றால் வாளை வீச இடம் ஏது? கி.மு. 57-இல் சபிஸ் ஆற்றங்கரையில் நெர்வியர்கள் என்ற பழங்குடியினர் திடீரெனப் பாய்ந்தபோது சீசரின் 12-ஆம் லீஜியனுக்கு நேர்ந்தது இதுதான். கொடிகளெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து, வீரர்கள் ஒருவருக்கொருவர் இடைஞ்சலாகிவிட்டார்கள். நாலாவது கோஹார்ட்டின் செஞ்சுரியன்கள் அத்தனை பேரும் இறந்தார்கள். சீசர் பின்வரிசை வீரன் ஒருவனின் கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்னே போய் இட்ட கட்டளை, “அணியைத் தளர்த்தி நில்லுங்கள்” என்பதே. கி.மு. 216-இல் கேன்னேயில் அப்படி விலக வழியே இல்லை. அகலத்தைக் குறைத்து ஆழத்தைப் பல மடங்கு கூட்டிய ரோமானியர்களைக் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் ஆப்பிரிக்க வீரர்கள் இரு பக்கமும் நெருக்க, நடுவிலிருந்தவர்கள் கையை ஆட்டக்கூட முடியாமல் செத்தார்கள்.

ஒட்டி நிற்பது அம்பு மழைக்கும் கோட்டைச் சுவரை நெருங்குவதற்கும்தான். ஆமை அணி என்று பெயர். கி.மு. 36-இல் ரோமானியத் தளபதி ஆண்டனியின் படை பார்த்தியாவிலிருந்து (ஈரான் பக்கத்துப் பேரரசு) பின்வாங்கும்போது முன்வரிசை மண்டியிட்டுக் கேடயம் பிடித்தது, அடுத்த வரிசை அவர்கள் தலைக்கு மேல் பிடித்தது. களைத்து விழுந்துவிட்டார்கள் என்று நினைத்த பார்த்தியர்கள் வில்லை விட்டுவிட்டு ஈட்டியோடு நெருங்கினார்கள். வீரர்கள் சட்டென்று எழுந்து பைலத்தால் குத்தினார்கள். அணியை எப்போது கலைப்பது என்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

கேள்வி: சதுரங்கக் கட்டம் மாதிரி நடுவில் சந்து விடுவார்களாமே அண்ணா, எதிரி புகுந்துவிட மாட்டானா?

பதில்: அது பேரரசுக்கு முந்தைய குடியரசுக் காலத்து முறை. ஒரு லீஜியனின் முதல் அணியில் 1,200 பேர், இரண்டாவதில் 1,200, மூன்றாவதில் மூத்த வீரர்கள் 600. ஒவ்வோர் அணியிலும் மேனிபிள் என்ற சிறு பிரிவு 10. சந்துக்கு நேர் பின்னால் அடுத்த அணியின் மேனிபிள் நிற்கும். புகுந்தவன் மூன்று பக்கமும் மாட்டிக்கொள்வான். முன்னால் சண்டையைத் தொடங்கிவைக்கும் 1,200 இலகு வீரர்கள் திரும்பி வர வழியும் அதுவே. கி.மு. 202-இல் ஸாமாவில் ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ மேனிபிள்களை ஒன்றன்பின் ஒன்றாக நேராக நிறுத்தி, சந்துகளைத் தெருவாக்கி, கார்த்தேஜின் யானைகளை அவற்றின் வழியே போகவிட்டார்.

சீசர் காலத்தில் கோஹார்ட் கணக்கு: முதல் அணியில் 4, அடுத்த இரண்டிலும் 3, 3. பார்சாலஸில் பாம்பியிடம் 7,000 குதிரைகள், சீசரிடம் 1,000. சீசர் மூன்றாம் அணியிலிருந்து ஆளெடுத்து 6 கோஹார்ட்டை வலது பக்கத்தில் நாலாம் அணியாக நிறுத்தினார். அவர்கள் பாய்ந்ததும் பாம்பியின் குதிரைப்படை சிதறி ஓடியது. அதன் பிறகே மூன்றாம் அணிக்குக் கட்டளை போனது. கையில் மிச்சம் வைத்திருந்ததால் வந்த வெற்றி இது.

கேள்வி: நடக்கும்போது யார் முன்னால்?

பதில்: கி.பி. 67-இல் ரோமானியத் தளபதி வெஸ்பாசியன் கலிலேயாவுக்குள் நுழைந்த வரிசையை வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதிவைத்திருக்கிறார். முதலில் இலகு வீரர்களும் வில்லாளிகளும் புதர்களைச் சோதித்தபடி போவார்கள். பிறகு கனரகக் காலாட்களும் குதிரைகளும். அடுத்து பாசறைக்கு அளவு எடுக்கச் செஞ்சுரிக்குப் பத்துப் பேர், பாதை செப்பனிடுபவர்கள், தளபதியின் மூட்டை முடிச்சு, தளபதி, முற்றுகைக் கருவி சுமக்கும் கோவேறு கழுதைகள், கழுகுக் கொடி, ஊதுகொம்பு. அதன்பின் ஆறாறு பேராக லீஜியன், அதற்குப் பின் சுமை, கடைசியில் பின்காவல்.

ஆறாறு பேராக, வரிசைக்கு 1.8 மீட்டர் விட்டால், முதல் கோஹார்ட்டைப் பெருக்காத லீஜியனின் 4,800 பேர் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர். காட்டுப்பாதை குறுகி இரண்டிரண்டு பேரானால் நாலரை கிலோமீட்டரைத் தொடும். கி.பி. 9-இல் ஜெர்மானியப் பகுதியின் டியூட்டோபர்க் காட்டில் ரோமானியத் தளபதி வாருஸின் மூன்று லீஜியன்கள் மழையில், வண்டிகளும் பெண்களும் குழந்தைகளும் இடையில் கலந்து, அப்படித்தான் நீண்டு கிடந்தன. தலைக்கும் வாலுக்கும் உதவி போகாமல் துண்டு துண்டாக அழிந்தன. சபிஸில் சீசர் எதிரி பக்கத்தில் இருப்பது தெரிந்ததும் முறையை மாற்றியிருந்தார்: சுமையில்லாத ஆறு லீஜியன் முன்னால், மொத்தச் சுமையும் நடுவில், புதிதாகச் சேர்த்த இரண்டு லீஜியன் பின்னால். லீஜியனுக்கு லீஜியன் நடுவே சுமை வரும், முதல் லீஜியனை மட்டும் தனியாக மடக்கலாம் என்று நெர்வியர்கள் போட்ட கணக்கு அதனால் பொய்த்தது.

கேள்வி: ஒரு நாளில் எவ்வளவு தூரம்?

பதில்: பயிற்சி நடைக்கு, ரோமானியரின் கோடைக்கால 5 மணி நேரத்தில் 20 ரோமானிய மைல். பகலைப் பன்னிரண்டாகப் பிரித்ததால் கோடையில் அவர்கள் மணி நீளம். நம் கணக்கில் ஆறு மணி நேரத்துக்கு மேல், ஏறக்குறைய 30 கி.மீ.

கேள்வி: நாலு பக்கமும் சதுரமாக நின்றால் பாதுகாப்புத்தானே?

பதில்: கி.மு. 53-இல் கர்ரேயில் பார்த்தியர்களுக்கு எதிராக ரோமானியத் தளபதி கிராசுஸ் அதைத்தான் செய்தார், பக்கத்துக்கு 12 கோஹார்ட். சுற்றி வளைக்க முடியாது, சரி. ஆனால் எட்டாத தூரத்திலிருந்து அம்பு விடும் குதிரை வில்லாளியைச் சதுரம் துரத்த முடியாது. அம்பு தீரட்டும் என்று காத்திருந்தார்கள். ஒட்டகங்களில் மேலும் மேலும் அம்பு வந்துகொண்டே இருந்தது. கி.மு. 38-இல் ரோமானியத் தளபதி வெண்டிடியுஸ் அதே பார்த்தியர்களை முறியடித்தார். படையை மேட்டில் நிறுத்தி, அவர்களை மேல்நோக்கி ஏறி வரவிட்டு, சரிவில் இறங்கி மோதினார். தூரத்தில் நின்றவர்களைத் தாக்க அவரிடம் கவண்காரர்கள் இருந்தார்கள்.