சோதனையில் பறக்கும் சர்வர், வேலையில் இழுப்பது ஏன்?

கேள்வி: ஐயா, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் கிடக்கும் பர்மா, மலாயாக் காலத்துப் பேரேடுகளை ஸ்கேன் செய்து வருகிறோம். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் நாலு, லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டு-5 (நாலையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு டிஸ்க் கெட்டாலும் டேட்டா தப்பிக்கும் ஏற்பாடு), ராம் 32 ஜிபி. டிடி கட்டளையில் 1 ஜிபி ஃபைல் எழுதினால் வினாடிக்கு 1.8 ஜிபி காட்டுகிறது. ஆனால் ஸ்கேனர் ஓடும்போது பக்கத்து மேஜையில் பேர், ஊர், வருடம் என்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பதிந்தால் ஒவ்வொரு சேவும் இழுக்கிறது. விற்ற கடைக்காரர் எல்லாவற்றையும் எஸ்எஸ்டி ஆக்கச் சொல்கிறார். தேவையா? – வாசகர், காரைக்குடி

பதில்: அந்த 1.8-ஐ முதலில் அடித்துவிடுங்கள். இந்த மாதிரி டிஸ்க் ஒன்று தொடர்ச்சியாக எழுதினால் வினாடிக்கு 200 எம்பி சுமாருக்கு வரும். ரெய்டு-5இல் ஒரு டிஸ்க் அளவு இடம் பாரிட்டிக்கு, அதாவது கெட்ட டிஸ்கை மீட்க வைக்கும் கணக்குக்கு, போகிறது. மிச்ச மூன்றுக்கு 600 எம்பியே பெரிய பாடு. நீங்கள் அளந்தது ராமின் வேகம். மூட்டையை முகப்பில் இறக்கியதுமே ‘சரக்கு வந்தாச்சு’ என்று சீட்டுக் கொடுத்துவிடும் லினக்ஸ்; இரண்டாங்கட்டு தாண்டி அறையில் அடுக்குவது அப்புறம்.

போஸ்ட்கிரெஸ் இந்தச் சீட்டை நம்பாது. ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது ஒவ்வொரு சேவுக்கும், எஃப்சிங்க் (‘டிஸ்கில் ஏற்றிவிட்டுச் சொல்’ என்ற கட்டளை) கேட்டு, டிஸ்கில் ஏறிய பிறகுதான் ‘முடிந்தது’ என்று சொல்லும். ரெய்டு-5இல் 8 கேபி அளவு சின்னதாக எழுதினாலும் பழைய டேட்டாவையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும். ஆக நாலு வேலை. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு, ஹெட் நகரும் நேரமும் சேர்ந்தால் 12 ஆகும். ஒரு டிஸ்க் வினாடிக்கு 80 வேலை, நாலும் சேர்ந்து 320, அதை நாலால் வகுத்தால் வினாடிக்கு 80 முறை எழுதலாம். தட்டச்சுக்கு அது தாராளம். ஆனால் ஸ்கேனர் அதே டிஸ்குகளில் பெரிய டிஃப் (TIFF) பட ஃபைல்களைக் கொட்டும்போது, உங்கள் கமிட் அதன் பின்னால் வரிசையில் நிற்கிறது. கோளாறு அங்கேதான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், ஃபியோ (fio) என்ற டிஸ்க் சோதனைக் கருவியைப் போட்டு அளந்து பாருங்கள். ஒரு ஜாப் 1 எம்பி துண்டுகளாகத் தொடர்ந்து எழுதட்டும். கூடவே இன்னொன்று 8 கேபி ரேண்டமாக, எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு எஃப்சிங்க்கோடு. டைரக்ட் ஐஓ (ராமில் நிறுத்தாமல் நேரே டிஸ்குக்கு அனுப்புவது) கட்டாயம். ஃபைல் 64 ஜிபியாவது இருக்கட்டும். சின்னதாக இருந்தால் ஹெட் கொஞ்ச தூரமே நகரும், எண் அழகாக வந்து ஏமாற்றும். ஐந்து நிமிடமாவது ஓடவிட்டு, சராசரியை விட்டுவிட்டு 99-ஆவது பெர்சென்டைல் தாமதத்தை, அதாவது நூற்றில் 99 முறை எவ்வளவு நேரத்துக்குள் முடிகிறது என்பதைப் பாருங்கள். அப்புறம் ஸ்கேன் ஜாபை நிறுத்தி மறுபடி ஓட்டினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஒன்று முக்கியம்: ஃபியோவுக்கு ஃபைல் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். ரெய்டு டிவைஸின் பெயரையே கொடுத்து எழுதவிட்டால் பேரேடு மொத்தமும் போச்சு.

அளக்கும் முன் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டையும் (/proc/mdstat) பாருங்கள். டெபியன், உபுண்டு வகைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு ரெய்டு சரிபார்ப்பு தானாகக் கிளம்பும். அது ஓடும்போது எடுத்த அளவு உதவாது.

ரெய்டு-5 எழுதும் முன் ராமில் சேர்த்துவைக்கும் இடமான ஸ்ட்ரைப் கேஷை 256-இலிருந்து 4096 ஆக்கலாம்; நாலு டிஸ்குக்கு 64 எம்பி ராம்தான் போகும். ஸ்கேன் எழுதுவது சீராகும், கமிட்டுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ரீபூட் ஆனால் பழைய எண்ணுக்கே திரும்பும் என்பதால் யூடெவ் விதியில் (டிவைஸ் கிளம்பும்போது லினக்ஸ் தானாகச் செய்யும் அமைப்பில்) எழுதிவையுங்கள். எஃப்சிங்க்கை அணைத்துவிட்டால் பறக்கும் என்று யாராவது ஓதுவார்கள். நம் பக்கத்துக் கரண்ட்டை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு வேண்டாம்.

கடைக்காரர் சொல்வது பாதி சரி. போஸ்ட்கிரெஸுக்கு மட்டும் சின்ன எஸ்எஸ்டி இரண்டு வாங்கி ரெய்டு-1 (இரண்டிலும் ஒரே நகல்) போடுங்கள், கரண்ட் போனாலும் கையிலுள்ளதை எழுதி முடிக்கிற கபாசிட்டர் வைத்த ரகமாக. டிஃப் ஃபைல்கள் பழைய நாலு டிஸ்கிலேயே கிடக்கட்டும். அந்த வேலைக்கு ரெய்டு-5 போதும்.