இந்த இஎக்ஸ்இ ஃபைலை அழிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

டாஸ்க் மேனேஜரில் எஸ்விசிஹோஸ்ட் என்று எழுபது வரிகள் ஓடுகின்றன. எல்லாம் வைரஸா? (மன்னார்குடி வாசகர்)

இல்லை. விண்டோஸின் சேவைகளை (பின்னணியில் நடக்கும் வேலைகளை) ஓட்டும் இஎக்ஸ்இ, அதாவது புரோகிராம் ஃபைல் அது. 2017-க்குப் பிறகு வந்த விண்டோஸில், நாலு ஜிபி ரேம் இருந்தாலே பெரும்பாலான சேவைகள் தனித்தனியாகத்தான் ஓடும். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், இருப்பிடத்தைப் பாருங்கள். ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருந்தால் தொடாதீர்கள். டெம்ப், ஆப்டேட்டா என்று வேறெங்காவது இருந்தால் சந்தேகப்படுங்கள். பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எஸ்-வி-சி என்பதை எஸ்-சி-வி என்று மாற்றிக்கொண்டு வந்த வைரஸ்கள் உண்டு.

ஆன்டிவைரஸ் பிடித்ததை உடனே டெலிட் செய்துவிடலாமா?

குவாரன்டைன் போதும், அதாவது அழிக்காமல் ஓட முடியாதபடி பூட்டி வைப்பது. ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடினால் அப்புறம் அழியுங்கள். 2010 ஏப்ரலில் மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் அசல் எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று பிடித்துக்கொண்டது. உலகம் முழுக்க ஏராளமான கணினிகள் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. ஆன்டிவைரஸும் தவறும்.

என் கம்ப்யூட்டரில் ஏதோ வைரஸ். உடனே தீர்வு சொல்லவும்.

ஃபைலின் பெயர் இல்லை, இருக்கும் இடம் இல்லை, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் என்ன சொன்னது என்பதும் இல்லை. எதை வைத்துச் சொல்வது? இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. (பட்டுக்கோட்டை ஆசிரியை)

ஃபார்மட் செய்யாதீர்கள். உங்கள் ஃபோல்டர்கள் உள்ளேதான் ஒளிந்திருக்கின்றன. ஷார்ட்கட்டையும் தொடாதீர்கள், அதைத் திறந்தால் வைரஸ்தான் ஓடும். முதலில் பென் டிரைவை டிஃபெண்டரில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷனில் மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும்படி மாற்றுங்கள். ஃபோல்டர்கள் தெரியும், வேண்டியதை நகலெடுக்கலாம். அங்கேயே எக்ஸ்டென்ஷனும் (ஃபைல் பெயரின் கடைசியில் வரும் .exe போன்ற வால்) தெரியும்படி வையுங்கள். ஃபோல்டர் படம் போட்ட இஎக்ஸ்இ அப்போதுதான் மாட்டும்.

ஆபீஸைப் பணம் கட்டாமல் ஓட்ட ஆக்டிவேட்டர் போட்டேன். ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொன்னது, செய்தேன். இப்போது ஒரு இஎக்ஸ்இ, அழித்தாலும் திரும்ப வருகிறது. (டிடிபி சென்டர் நடத்துபவர்)

மாதம் பத்துக் கடிதமாவது இதே கதை. காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால் யார் வருவார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இப்படித்தான் ஒரு கிராக் (பூட்டை உடைத்த திருட்டு சாஃப்ட்வேர்) போட்டார்கள். மறுநாள் காலை ஒரு கல்யாண ஆல்பம்கூடத் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் 490 என்று எழுதியிருந்தது. ஸ்டாப் என்ற ரான்சம்வேர் அது, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். கிராக் வழியாகவே அதிகம் பரவுவது. பேக்கப் இல்லை. கல்யாணப் பெண்ணின் அப்பா வந்து நின்றபோது காட்ட ஸ்டூடியோவில் ஒரு படம் இல்லை.

உங்களுக்கு வருவோம். முதலில் நெட்டைத் துண்டியுங்கள். டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன் பட்டியலை (ஸ்கேன் செய்யாமல் விட வேண்டியவை) பாருங்கள், ஆக்டிவேட்டர் தன் ஃபோல்டரை அங்கே சேர்த்திருக்கும். அதை நீக்குங்கள். அழித்தது திரும்ப வருகிறதென்றால் டாஸ்க் ஷெட்யூலரிலோ ஸ்டார்ட்அப்பிலோ அதற்கு வேர் இருக்கிறது. தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடும் மைக்ரோசாஃப்ட்டின் இலவச ஆட்டோரன்ஸில் தேடி, அந்த வரியின் டிக்கை எடுங்கள். பிறகு டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் தொடங்கும் முன்பே நடப்பது), கால் மணி நேரம் ஆகும். பேங்க் பாஸ்வேர்டுகளை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். ஆனாலும், தொழில் நடக்கும் கணினி என்பதால், டாக்குமென்ட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே என் யோசனை. ஆபீஸுக்குப் பணம் இல்லையா? லிப்ரே ஆபீஸ் இலவசம், தமிழும் நன்றாக வரும்.

சந்தேகமான ஃபைலை வைரஸ்டோட்டலில் ஏற்றலாமா?

ஏற்றலாம். சுமார் எழுபது ஆன்டிவைரஸ்களைக் கொண்டு சோதித்துச் சொல்லும் இணையதளம் அது. ஒன்றிரண்டு மட்டும் சிவப்புக் காட்டினால் பதற வேண்டாம். ஆதார் நகல், வாடிக்கையாளர் கணக்கு போன்றவற்றை ஏற்றாதீர்கள், ஏற்றியது மற்ற நிறுவனங்களின் கைக்கும் போகும்.

வாட்ஸாப்பில் கல்யாணப் பத்திரிகை ஏபிகேயாக வந்திருக்கிறது. திறக்கலாமா?

கூடாது. ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் ஃபைல். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். அனுப்பியவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம்.