கம்பி மாற்றினேன், சத்தம் போய்விட்டது!

கேள்வி: மாமா கொடுத்த பழைய எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகள் துருப்பிடித்து விரலை அறுத்தன. மென்மையாக இருக்கட்டும் என்று நைலான் கம்பி வாங்கி, நுனியில் முடிச்சுப் போட்டு மாட்டினேன். இப்போது ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) சத்தமே இல்லை. கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப் போய்விட்டது, புதிது போடணும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? - கல்லூரி மாணவர், களியக்காவிளை

பதில்: பணத்தை எடுக்காதீர்கள் தம்பி. ஆம்பில் வால்யூமைக் குறைத்து வைத்து, இரும்பு ஸ்க்ரூடிரைவர் நுனியால் பிக்கப்பை மெல்லத் தொடுங்கள். ஸ்பீக்கரில் 'டொக்' என்று கேட்டால் பிக்கப் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு கம்பியில்.

பிக்கப்பில் காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றி முடி போல மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. காந்தத்துக்கு மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த அதே விதி. தடித்த ஆறாவது கம்பி நொடிக்கு சுமார் 82 முறை அதிர்ந்தால், மின்சாரமும் 82 முறை ஏறி இறங்கும். அதைத்தான் ஆம்ப் பெரிதாக்குகிறது. நைலான் அதிர்ந்தால் காந்தப்புலத்தில் எந்த மாற்றமும் இல்லை. நைலான் செட்டில் தடித்த மூன்று கம்பிகள் உலோகம் மாதிரி பளபளக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே நைலான் இழை, மேலே வெள்ளி பூசிய செம்புச் சுற்று. இரண்டும் காந்தத்தில் ஒட்டாது. 'எலெக்ட்ரிக் கிட்டாருக்கு, 9 செட்' என்று கேட்டு வாங்குங்கள். அது மெல்லிசான எஃகுக் கம்பி, விரலுக்கும் இதம்.

மின்சாரம் இல்லாத அகூஸ்டிக் கிட்டாரில் சத்தத்தைப் பெரிதாக்கும் வேலை முழுவதும் மரப்பெட்டியினுடையது. கம்பி தனியாகக் காற்றை அதிகம் அசைக்காது. அதன் அதிர்வு, கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக மேல்பலகைக்கு இறங்குகிறது. பலகையும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து ஒலியைப் பெருக்குகின்றன. வீணையில் பலாமரக் குடம் செய்யும் வேலை அது. எங்கள் மார்த்தாண்டம் பக்கம் கிட்டாரைத் தூக்கிப் பார்த்து, 'நல்ல கனம், நல்ல மரம்' என்று வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மேல்பலகை கனத்தால் அதிராது. நல்ல அகூஸ்டிக்கில் ஸ்ப்ரூஸ் அல்லது சிடார் பலகையை ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்கு இழைத்திருப்பார்கள்.

எலெக்ட்ரிக்குக்குப் பெட்டியே வேண்டாம். 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்ற முதல் எலெக்ட்ரிக் கிட்டார்களில் ஒன்றின் உடம்பு வெறும் அலுமினிய வார்ப்பு!

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு. அகூஸ்டிக் வாங்கவா, எலெக்ட்ரிக் வாங்கவா? - வாசகி, செங்கோட்டை

பதில்: அவள் எந்தப் பாட்டை வாசிக்க ஆசைப்படுகிறாள் என்று கேளுங்கள் அம்மா, அதுதான் முடிவு. கோயில், சர்ச் நிகழ்ச்சிகளில் மைக் செட்டோடும் வாசிக்கணும் என்றால், அதில் இணைக்கக்கூடிய எலெக்ட்ரோ அகூஸ்டிக் பாருங்கள். பெரும்பாலும் அதில், பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலுக்குக் கீழே பீசோ என்ற பிக்கப் இருக்கும். அது காந்தத்தால் அல்ல, அழுத்தத்தால் வேலை செய்வது. அதனால் நைலானுக்கும் சரி. 9 வோல்ட் பேட்டரி தேவைப்படும், நிகழ்ச்சிக்கு முன்பு பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்ச் சாரலை மட்டும் மறக்காதீர்கள். ஈரத்தை இழுத்து மேல்பலகை உப்பினால், கழுத்தில் பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டை விட்டுக் கம்பி உயரும். சின்ன விரலால் அழுத்த முடியாது, பிள்ளை வெறுத்துவிடுவாள். ஆனி, ஆடியில் உறைக்குள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். மழை அடிக்கும் சுவரில் மாட்டவே வேண்டாம்.