ஆளில்லாத பெயருக்குச் சம்பளம்: கேள்வி பதில்

(அரச அலுவலகங்களில் சம்பளப் பிரிவைப் பார்த்து ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் கொழும்பிலிருந்து பதில் சொல்கிறார்.)

கொட்டாஞ்சேனை வாசகர்: அக்கா, சம்பளப் பட்டியலைக் கணினிமயமாக்கினால் இல்லாத ஆளுக்குப் பணம் போவது நின்றுவிடுமா?

தானாக நிற்காது. கணினி கணக்கைப் பிழையில்லாமல் போடும். அந்தப் பெயருக்கு ஓர் ஆள் இருக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது. நைஜீரியா 2007இலேயே ஒருங்கிணைந்த சம்பள முறையைத் தொடங்கியது. ஆனாலும் 2016இல், கைரேகையோடு பிணைந்த வங்கி அடையாள எண்ணை வைத்துப் பட்டியலைச் சரிபார்த்த பிறகு ஏறக்குறைய 24,000 பெயர்களை நீக்க வேண்டியிருந்தது. வெளியே உள்ள இன்னொரு பதிவோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

எங்களுக்கு அடையாள அட்டை இலக்கம் இருக்கிறது. அதிலும் ஒரு ஓட்டை. பழைய இலக்கத்தில் ஒரு பதிவு, 12 இலக்கப் புதியதில் இன்னொன்று என்று ஒரே ஆள் இரண்டு பேராகி நிற்கலாம். பழையதன் முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் சேர்த்து, கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். புதிய வடிவம் வந்துவிடும். எல்லாவற்றையும் அப்படி மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். அப்புறம், ஒரே வங்கிக் கணக்கு இரண்டு பெயர்களுக்கு வருகிறதா என்றும் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: பெயரைச் சேர்ப்பவரும் அதை அனுமதிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது.

வெள்ளவத்தை வாசகர்: கைரேகை மெஷின் இருந்தால் போதாதா?

போதாது. அது வரவைத்தான் பதியும். சம்பளம் பட்டியலைப் பார்த்துப் போகிறது.

வெள்ளவத்தை வாசகர்: இரண்டையும் இணைத்துவிட்டால்? கைரேகை இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை!

சரி, இணையுங்கள், நல்லது. ஆனால் வெளிக்களக் கடமைக்குப் போனவரின் வரவை யாரோ ஒருவர் கையால்தானே பதிகிறார்? ஆளில்லாத பெயரும் அந்த வழியால் வரலாம்.

தெமட்டகொட வாசகி: அப்படியென்றால் எல்லா உத்தியோகத்தரையும் கள்ளர் என்கிறீர்களா?

இல்லை தங்கச்சி. நேர்மையான முகாமைத்துவ உதவியாளரைக் காப்பாற்றுவதும் இந்த ஏற்பாடுதான். கணக்காளரின் கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்து "நீங்களே அனுமதியும் போடுங்கோ" என்றால், நாளை கணக்காய்வில் மாட்டுவது யார்? சேர்ப்பவர் வேறு, அனுமதிப்பவர் வேறு. கடவுச்சொல்லை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மட்டக்குளி வாசகர்: கைரேகை மெஷின் வைத்தால் தீராதா?

மேலே சொல்லிவிட்டேன்.

பம்பலப்பிட்டி வாசகி: என் சம்பள ஏற்ற நிலுவை வரவில்லை.

உங்கள் தாபனப் பிரிவில் (ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பிரிவு) எழுத்தில் கேளுங்கள்.

தெஹிவளை வாசகர்: பதவியை வெறிதாக்கிவிட்டு வெளிநாடு போனவரின் பெயர் பட்டியலில் தொடர்கிறது. என்ன செய்வது?

தாபனப் பிரிவின் கடிதம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கிளைத் தலைவரிடம் இன்றைக்கே எழுத்தில் உறுதிப்படுத்தி, கணக்காளரைக் கொண்டு இந்த மாதச் சம்பளத்தை நிறுத்திவையுங்கள். பணம் வங்கிக்குப் போய்விட்டால் திருப்பி எடுப்பது பெரும்பாடு.