பழைய நிக்கான் டி500, 200-500 லென்ஸ்: மலையில் இருப்பவர் இப்போது வாங்கலாமா?

கேள்வி: கொடைக்கானலில் இருக்கிறேன். பறவைப் படம் எடுக்க ஆசை. நிக்கான் டி500 பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) 200-500 மி.மீ. ஜூம் லென்ஸும் செகண்ட் ஹேண்டில் சேர்ந்து கிடைக்கின்றன. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்ட காலத்தில் இதை வாங்குவது முட்டாள்தனம் என்கிறார்கள். வைத்திருப்பவர்கள் சொல்லுங்களேன்.

பதில்:

நான் வைத்திருக்கிறேன். 2017 ஆகஸ்டில் இரண்டையும் புதிதாக வாங்கினேன். இன்று வரை அதே ஜோடிதான். உங்கள் கேள்வியில் 'முட்டாள்தனம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் சுருக்கென்றது. அதே வார்த்தையை நானும் வேண்டிய அளவு கேட்டிருக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குக் கோத்தகிரி. ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, முகூர்த்த மாதங்களில் கல்யாணப் படம் எடுக்கப் போவேன், பறவை என் சொந்த ஆசை. கேமராவை ஆராய்ச்சி செய்து வீடியோ போடும் ஆள் நான் இல்லை. மிரர்லெஸ் மட்டம் என்று சொல்லவும் வரவில்லை. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிற கேமராவை நண்பர் கையில் பார்த்திருக்கிறேன், அருமையான சங்கதி. காசு இருப்பவர்கள் தாராளமாக வாங்கட்டும். நீங்கள் செகண்ட் ஹேண்ட் தேடுகிறீர்கள் என்றால் உங்கள் கையிருப்பும் அன்றைய என் கையிருப்பு மாதிரிதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடியை நம்பி வாங்கலாம். லென்ஸை டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். வாங்கிய பிறகு நம் மலையில் அதைக் காப்பாற்றுவது தனி வேலை.

பாடியைப் பற்றிச் சுருக்கமாக. 2016ல் வந்தது. 20.9 மெகாபிக்சல், 153 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு 10 படம். எடுத்தபடியே பதிவாகும் ரா ஃபைலில் 200 படம் வரைக்கும் திணறாமல் எடுக்கும். ஈரமும் தூசியும் புகாமல் சீல் செய்த உடம்பு. ஐப்பசி மழையில் நடந்த ஒரு கல்யாண ஊர்வலத்தில் ஒன்றரை மணி நேரம் தூறலில் நனைந்தது, துண்டால் துடைத்தேன், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. பறவைக்காக ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். கண் வைத்துப் பார்க்கும் இதன் வியூஃபைண்டர் வெறும் கண்ணாடி. அதில் பார்த்துக்கொண்டே இருந்தாலும் பேட்டரி கரையாது. மார்கழிக் குளிரில் கூட ஒரே பேட்டரியில் ஒரு நாளை ஓட்டிவிடுவேன்.

குறை இல்லையா? இருக்கிறது. இதில் போடும் எக்ஸ்க்யூடி மெமரி கார்டு விலை அதிகம், நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது. 2020 கடைசியில் வந்த ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றினால் அதே ஸ்லாட்டில் சிஎஃப் எக்ஸ்பிரஸ் டைப் பி கார்டு போட முடியும். விற்பவர் அதை ஏற்றியிருக்கிறாரா என்று கேளுங்கள். பக்கத்தில் எஸ்டி கார்டுக்கும் ஒரு ஸ்லாட் உண்டு, ஆரம்பத்துக்கு அதுவே போதும்.

இப்போது லென்ஸுக்கு வருகிறேன். எனக்கு வலித்த இடம் இதுதான்.

எங்கள் ஊரில் இரண்டு வாரம் போடாமல் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பூத்துவிடும். உங்கள் ஊரும் அப்படித்தான் இருக்கும். எனக்கு இது தெரியாமல் இல்லை. ஊட்டி இந்துநகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என் பெரியப்பா. கறுப்பு வெள்ளைக் காலத்தில் பலரும் போட்ட 'இந்து' ஃபிலிம் அங்கிருந்துதான் வந்தது. நான் கேமரா வாங்கி வந்த அன்றே அவர் சொன்னார்: "தம்பி, இதை பையில வெக்காதே. பீரோவுல ஒரு தட்டு காலி பண்ணி 40 வாட்ஸ் பல்பு ஒண்ணு எரிய விடு." பழைய காலத்துப் பேச்சு என்று நினைத்துச் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வருடம் நவம்பரில் ஒரு கல்யாணம். நாள் முழுக்க மூட்டம், பத்தடி தள்ளி நிற்பவர் தெரியவில்லை. மாலையில் லென்ஸின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, கெட்டியான ஸ்பாஞ்சு வைத்த பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடி பீரோவில் வைத்தேன். பத்திரமாக வைத்ததாகத்தான் நினைப்பு. அப்புறம் மழை விடவே இல்லை. பையைத் திறக்கும்போது ஜனவரி ஆகிவிட்டது. பேரகணியில் ஹெத்தையம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான படுகர் மக்கள் வெள்ளை உடையில் மலைச்சரிவு வழியாக வரும் காட்சியைத் தூரத்திலிருந்து எடுக்க ஆசைப்பட்டிருந்தேன்.

லென்ஸை ஜன்னல் பக்கம் திருப்பியபோது ஏதோ முடி ஒட்டியிருப்பது போலத் தெரிந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் வைத்து முன்பக்கத்திலிருந்து பார்த்தேன். உள்ளே ஒரு கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளை நூல்கள். சிலந்தி நூலைவிட மெல்லிசு. ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி, இலை உதிர்ந்த மரம் மாதிரி கிளை கிளையாகப் பிரிந்து நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அன்று இரவு சாப்பிடவில்லை.

இந்த லென்ஸின் அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. 200லிருந்து 500க்குத் திருப்பும்போது குழல் வெளியே நீளும், அப்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சுருக்கும்போது காற்று வெளியே போகும், ஆனால் ஈரம் முழுவதும் போகாது. பாடி மாதிரி இது முழுக்க சீல் செய்யப்பட்டதும் இல்லை, பாடியில் மாட்டும் மவுண்ட் ஓரத்தில் மட்டும்தான் ரப்பர் வளையம். மூட்டத்தில் நூறு முறை திருப்பினால் நூறு முறை ஈரக்காற்றைக் குடிக்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே ஸ்பாஞ்சுப் பையில் அடைத்தால் பூஞ்சைக்கு நாமே தொட்டில் கட்டிக்கொடுத்த மாதிரி.

கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் ஆளிடம் கொண்டுபோனேன். லென்ஸை வாங்கி ஒரே ஒரு தடவைதான் பார்த்தார்.

"எந்த ஊருங்ணா?"

"கோத்தகிரிங்க."

"அதானே பார்த்தேன்."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து லென்ஸ் திரும்பி வந்தது. பூஞ்சை போய்விட்டது, ஆனால் அது ஊர்ந்த தடம் கண்ணாடிப் பூச்சில் லேசாகத் தங்கிவிட்டது. சாதாரணப் படத்தில் தெரியாது. எதிர்வெயிலில் எடுத்தால் மட்டும் படம் கொஞ்சம் வெளுக்கும். வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

அதன் பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், சிலிக்கா ஜெல். ஜெல் நீலமாக இருந்தால் வேலை செய்கிறது, இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்து நிரம்பிவிட்டது. அதற்கென்று தனியாக வைத்த சட்டியில் வறுத்தால் மறுபடி நீலமாகும். சமையல் சட்டியில் வறுக்காதீர்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம், மாவுத்தூசி உள்ளே போகும். இரண்டு வருடம் கழித்து மின்சார டிரை கேபினட் வாங்கினேன், 45 சதவீதத்தில் நிற்கிறது. மழையில் கரண்ட் போனாலும் கதவைத் திறக்காமல் இருந்தால் ஒரு நாள் தாங்குகிறது. ரொம்பவும் காயவிடக் கூடாது என்பதால் 40க்குக் கீழே இறக்குவதில்லை. லென்ஸ் வாங்கும் பணத்திலேயே இதற்கும் ஒரு பங்கை எடுத்து வையுங்கள்.

பணம் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். பாடியும் லென்ஸும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேலே போனது. மூன்று வருடம் கட்டிய சீட்டுப் பணமும் கல்யாணப் படக் காசும் அது. தேயிலையில் வந்தது ஒரு ரூபாய் கூட அதில் இல்லை. ஆனால் டீக்கடையில் ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இவ்ளோ பெரிய கேமரா வெச்சிருக்கீங்க, அப்புறம் இலை விலை பத்தலைன்னு எதுக்குங்க போராட்டம்?" பச்சைத் தேயிலை கிலோ 12, 13 ரூபாய்க்குப் போட்ட நாட்கள் எங்களுக்கு உண்டு. பறிப்புக் கூலி, உரம், வண்டி வாடகை எல்லாம் அதற்குள். கவ்வாத்து வெட்டிய வருடத்தில் அந்தத் துண்டு நிலத்தில் மாதக்கணக்கில் இலையே இருக்காது. சிறு விவசாயி என்றால் கிழிந்த சட்டையோடுதான் நிற்க வேண்டும், அவனுக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாது என்று யார் எழுதி வைத்தது? இலைக்குக் கட்டுபடியாகும் விலை வேண்டும் என்பதும் நியாயம், எனக்கு ஒரு கேமரா வேண்டும் என்பதும் நியாயம். அன்று அவருக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, பறவைக்கு வருவோம். கோத்தகிரியை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர்தான், 2024ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறை அனுமதியோடுதான் உள்ளே போக வேண்டும். காட்டெருமை நடமாட்டம் உண்டு, தனியாகப் போகாதீர்கள். அங்கே நான் தேடியது சோலைக்கிளி. கிளி என்று பெயரே தவிர நம் பச்சைக்கிளி இல்லை. மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவைதான். கருநீல முதுகு, வயிற்றுப் பக்கம் செங்காவி, தரையில் சருகுக்குள் தத்தித் தத்தி இரை தேடும். நம் சோலை என்ற சொல்லையே வைத்து இதற்கு 'ஷோலிகோலா' என்று புதுப் பேரினம் வகுத்தது 2017ல், நான் கேமரா வாங்கிய அதே வருடம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே எங்கள் பக்கம் இருப்பது நீலகிரி சோலைக்கிளி. உங்கள் பழனி மலையில் இருப்பது அதன் சகோதர இனமான வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளி.

முதல் தடவை பார்த்தபோது நாலு மீட்டர் தூரத்தில் வந்து நின்றது. ஷட்டர் பட்டனை அழுத்துகிறேன், ஃபோகஸ் அசையவே இல்லை. மறுபடி அழுத்துகிறேன், படம் மங்கலாகவே நிற்கிறது. அதுவோ தலையைச் சாய்த்து என்னையே பார்த்துவிட்டு, ஒரு புழுவைப் பிடித்துக்கொண்டு வேருக்குப் பின்னால் போய்விட்டது. லென்ஸ் பக்கவாட்டில் இருக்கும் ஃபோகஸ் ஸ்விட்சை முந்தின நாள் பருந்து எடுக்கும்போது 6 மீட்டருக்கு அப்பால் என்ற இடத்தில் தள்ளி வைத்திருக்கிறேன். அதில் இருந்தால் 6 மீட்டருக்குள் எதையும் பிடிக்காது. முழு வீச்சில் வைத்தால் 2.2 மீட்டர் வரை பிடிக்கக்கூடிய லென்ஸ் அது.

மறுபடி கிடைக்க ஐந்து வாரம் ஆனது. காலை ஏழரை மணி, மரத்தடியில் அந்தி மாதிரி இருட்டு. 500ல் எஃப்/5.6, ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் நொடியில் 160ல் ஒரு பங்கு. முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். இரண்டும் சேர்ந்து மூன்று கிலோவுக்கு மேல் எடை, மூன்றாவது நிமிடத்திலேயே கை நடுங்க ஆரம்பித்தது. அதிர்வைத் தாங்கும் விஆர் இல்லாவிட்டால் அந்த வேகத்தில் ஒரு படமும் தேறியிருக்காது. சத்தம் குறைவான தொடர் ஷூட்டிங்கில் வைத்திருந்தேன், அப்படியும் கேமராவுக்குள் கண்ணாடி அடிக்கும் சத்தத்தில் முதல் படத்துக்கே பறவை திடுக்கிட்டு அசையாமல் நின்றுவிட்டது. அந்தச் சில நொடிகளில் எடுத்த ஒன்பது படத்தில் இரண்டு பளிச்சென்று வந்தன. ஒன்றில் அலகில் ஒட்டிய மண் துகள் கூடத் தெரியும். பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கிரெயின் இருக்கு, ஆனா படம் நல்லா இருக்கு" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

வாங்கப் போகும்போது, விற்பவரிடம் அப்போதே ஒரு ஜேபெக் எடுக்கச் சொல்லி அதை வாங்கிப் பாருங்கள், எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்ற எண்ணிக்கை அந்தப் படத்தின் விவரத்திலேயே இருக்கும். இந்த பாடியின் ஷட்டர் 2 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. லென்ஸை 500க்கு நீட்டி வைத்து, இருட்டு அறையில் இரண்டு பக்கமிருந்தும் டார்ச் அடியுங்கள். நூல் மாதிரி ஒன்று தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள், விலை குறைத்தாலும் வேண்டாம். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் 500ல் வைத்து ஃபோகஸ் ஃபைன் டியூன் செய்யுங்கள், அதாவது ஃபோகஸ் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தால் அதைச் சரிசெய்வது. டி500ல் பின்பக்கத் திரையில் பார்க்கும் லைவ் வியூவில் தானாகவே செய்யும் வசதி இருக்கிறது. ஒரு லென்ஸுக்கு ஒரே அளவுதான் வைக்க முடியும் என்பதால் நீங்கள் அதிகம் எடுக்கும் தூரத்திலேயே பாருங்கள். என் லென்ஸுக்கு பிளஸ் 6 தேவைப்பட்டது. அதற்கு முன் ஆறு மாதம் லென்ஸே மழுங்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூட்டத்தில் எடுக்கும்போது எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவு) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். மூட்டத்தின் வெளுப்பைக் கண்டதும் மீட்டர் வெளிச்சம் அதிகம் என்று எண்ணி எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். அடுத்த வருட ஹெத்தையம்மன் திருவிழாவில் அந்த வெள்ளை வரிசையைச் சரியாக எடுத்தது இப்படித்தான்.

கொடைக்கானல் சோலையில் உங்கள் வெள்ளைவயிற்றுக்காரர் கிடைத்தால் படத்தை இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள். நான் இன்னும் அதை நேரில் பார்த்ததில்லை. போவதற்கு முன் அந்த ஸ்விட்சை மட்டும் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.