வாசகர் கேள்வி–பதில்: மேற்பரப்பில் தெரியும் ஆழ்கடல்

கேள்வி: செயற்கைக்கோளுக்குக் கடலின் மேற்பரப்பு மட்டுமே தெரியும் என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, ஆழ்கடலையும் அதன் வழியே ஆராய்வது எப்படி? இத்துறையில் இப்போது எதை நோக்கி ஆய்வு நடக்கிறது?
— இயற்பியல் முதுகலை மாணவி

பதில்: நீங்கள் படித்தது சரிதான். வெப்பநிலையை அளக்கும் அகச்சிவப்புக் கருவிக்கு எட்டுவது மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு தடிமனே உள்ள மேல்தோல். உப்புத்தன்மையை அளக்கும் நுண்ணலைக் கருவிக்கும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாது. ஆனால் ஆழத்தில் நிகழ்வது நீர்ப்பரப்பின் உயரத்தில் தடம் பதித்துவிடுகிறது. நீர் சூடேறினால் விரிவடையும் என்பதால், வெதுவெதுப்பான நீர்த்தொகுதியின் மேல் கடல்மட்டம் சற்று உயர்ந்தும், குளிர்ந்த தொகுதியின் மேல் தாழ்ந்தும் நிற்கும். கடலடியில் 2,000 மீட்டர் உயரத்துக்கு ஓர் எரிமலை எழுந்து நின்றால், அது தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள நீரை இழுத்துக்கொள்வதால், அதற்கு நேர் மேலே நீர்ப்பரப்பு ஏறத்தாழ 2 மீட்டர் புடைத்திருக்கும். அந்த மேடு பல கிலோமீட்டர் தூரம் மெல்லச் சரிவதால், அதன் மேல் கப்பலில் போகிறவருக்குத் தெரியாது. ஆனால் செயற்கைக்கோளிலிருந்து ரேடியோ அலையை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு நீர்ப்பரப்பின் உயரத்தை அளக்கும் ரேடார் உயரமானிக்குத் தெரியும்.

1978இல் ஏவப்பட்ட சீசாட் செயற்கைக்கோள் மூன்று மாதங்களுக்குச் சற்று அதிகமாகவே உழைத்தது என்றாலும், இந்த வழி பயன்தரும் என்று காட்டிவிட்டது. 1992இல் டோபெக்ஸ்/போசைடன் செயற்கைக்கோள் 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சில சென்டிமீட்டர் துல்லியத்துடன் கடல்மட்டத்தை அளந்தது. ஆனால் அவ்வகை உயரமானிகள் தமக்கு நேர் கீழே உள்ள ஒரு கோட்டை மட்டுமே அளந்தன. இரு கோடுகளுக்கு இடையே சிக்கிய சிறு சுழல்கள் அவற்றின் கணக்கில் வரவில்லை. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள், 10 மீட்டர் இடைவெளியில் பொருத்திய இரு அலைவாங்கிகளில் வந்து சேரும் எதிரொலிகளை ஒப்பிட்டு, 120 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டையில் நீரின் மேடுபள்ளத்தை வரைகிறது.

இன்றைய ஆய்வின் மையம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. சில பத்து கிலோமீட்டர் அகலமே உள்ள சுழல்கள்தாம் வெப்பத்தையும் கரிமத்தையும் மேலிருந்து கீழே கொண்டுசெல்வதில் பெரும்பங்கு வகிக்கின்றன. புவி வெப்பமடைவதால் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள் போவதை நினைத்தால், இதன் முக்கியத்துவம் விளங்கும். சிக்கலும் இங்கேயே இருக்கிறது. ஓதத்தால் நீருக்குள் எழும் உள்ளலைகளும் மேற்பரப்பில் ஏறத்தாழ இதே அளவில் தடம் பதிக்கின்றன. ஸ்வாட் ஒரே பாதைக்குத் திரும்பிவர 21 நாட்கள் ஆகும். அதற்குள் சிறு சுழல் கலைந்து போய்விடக்கூடும். படத்தில் தெரியும் மேடு சுழலா, உள்ளலையா என்று பிரித்தறியும் முறைகளை உருவாக்குவதற்கு உங்களைப் போன்ற இயற்பியல் மாணவர்கள் வர வேண்டும்.

கடலின் நிறத்தைப் படிப்பது ஆய்வின் மற்றொரு திசை. கடல்மேல் பறக்கும் கருவிக்கு வரும் ஒளியில் நீரிலிருந்து வருவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். மீதியில் பெரும்பகுதி காற்றுமண்டலத்தில் சிதறிய ஒளி. அதைக் கழித்து மிஞ்சும் மெல்லிய நிறத்திலிருந்துதான் தாவர மிதவை நுண்ணுயிர்களின் அளவைக் கணிக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட பேஸ் செயற்கைக்கோள், புறஊதாவிலிருந்து அகச்சிவப்பின் விளிம்புவரை நிறமாலையை இடைவெளியின்றிப் பதிவு செய்வதால், எவ்வளவு இருக்கிறது என்பதோடு எந்த வகை இருக்கிறது என்பதையும் அறிய முயல்கிறார்கள்.

கேள்வி: மேகம் மறைத்த இடங்களைச் செயற்கை நுண்ணறிவே நிரப்பிவிடுகிறதாமே? இனி கடலுக்குள் இறங்கி அளக்கும் மிதவைகள் எதற்கு?
— ஆசிரியர் ஒருவர்

பதில்: நுண்ணலை மேகத்தை ஊடுருவும், ஆனால் நுணுக்கம் குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்ய, தரவைப் பார்த்துப் பழகும் செயற்கை நுண்ணறிவு நிரல்களான நரம்பு வலையமைப்புகள் உதவுவது உண்மை. மேற்பரப்புத் தரவிலிருந்து ஆழத்தின் வெப்பநிலையைக் கணிக்கவும் அவற்றைப் பழக்குகிறார்கள். ஆனால் எதை வைத்துப் பழக்குகிறார்கள்? ஆர்கோ மிதவை ஒன்று 1,000 மீட்டர் ஆழத்தில் நாட்கணக்கில் மிதந்து, பிறகு 2,000 மீட்டர்வரை இறங்கி, மேலேறும் வழியெல்லாம் வெப்பநிலையையும் உப்பையும் அளந்து, ஏறத்தாழ 10 நாட்களுக்கு ஒருமுறை செயற்கைக்கோளுக்குத் தரவை அனுப்புகிறது. இந்த அளவீடுகள் நின்றுபோனால், கணினியின் கணிப்பு சரியா என்று ஆழ்கடலில் ஒத்துப்பார்க்க வழி இருக்காது. கடந்தகாலத் தரவில் பழகிய வலையமைப்பு, இதுவரை கண்டிராத கடல் வெப்ப அலை ஒன்று வரும்போதுதான் தவறக்கூடும். நமக்குச் சரியான எண் மிகவும் தேவைப்படும் நேரமும் அதுவே. மாணவர்களுக்கு இடைவெளி நிரப்பிய படத்தைக் காட்டும்போது, அதனுடன் தரப்படும் பிழை மதிப்பீட்டுப் படத்தையும் சேர்த்தே காட்டுங்கள்.